காற்றாடியும் கிணறும்

இயற்கைக் காட்சி ஒன்று வரைக என்று தமிழ்நாட்டின் எந்தப் பள்ளியில் எந்தக் குழந்தையிடம் சொன்னாலும் பெரும்பாலும் ஒரே படம்தான் வரும். இரண்டு மலை முகடுகள். அவற்றின் நடுவே பாதி எழுந்த சூரியன். அடிவாரத்திலிருந்து வளைந்து இறங்கும் ஓர் ஆறு. கரையில் ஓலை வேய்ந்த குடிசை. அதற்குத் துணையாக ஒரு தென்னை. வானத்தில் ஆசிரியர் சரி போட்டதுபோல் நான்கைந்து பறவைகள். மலையே காணாத தஞ்சைச் சமவெளிக் குழந்தையும் இதைத்தான் வரைகிறது. சுரண்டைக் குழந்தையும் இதைத்தான் வரைகிறது. சுரண்டைக்கு மலை மேற்கே இருக்கிறது. அம்மலைக்குப் பின்னால் சூரியன் மறையுமேயன்றி ஒருநாளும் உதிப்பதில்லை. "இது காலையா, மாலையா?" என்று கேட்டால் வகுப்பு முழுவதும் ஒரே குரலில் "காலை" என்கிறது. கண்முன் நாள்தோறும் நிகழ்வதைக் காட்டிலும் படத்தில் கண்டதற்கே நம்பகம் அதிகம் போலும்.

அக்குழந்தையின் வீட்டில் ஓலை இல்லை, தளம் இருக்கிறது. தளத்தின்மேல் கறுப்பு நிறத் தண்ணீர்த் தொட்டி. சன்னலைத் திறந்தால் சிவப்பும் வெள்ளையுமாகச் செல்பேசிக் கோபுரம். அதற்கப்பால் தூண்களின்மேல் நிற்கும் மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டி. அதற்கும் அப்பால், கண்ணுக்கு எட்டிய தொலைவுவரை, காற்றாலைகள். ஊரார் நாவில் அவை காற்றாடிகள். இவற்றில் ஒன்றுகூடப் படத்துக்குள் வருவதில்லை. வரையத் தகுந்தது தன் ஊரில் இல்லை, வேறெங்கோ இருக்கிறது என்ற பாடத்தைக் குழந்தை எழுத்துக் கற்கும்போதே கற்றுவிடுகிறது. அந்தப் பாடத்தைக் கொஞ்சம் அழித்துப் பார்க்க முடியுமா என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

நாங்கள் இருவர். ஒருவர் பள்ளியில் ஓவிய ஆசிரியர். மற்றவர் கல்லூரியில் தமிழ் கற்பிப்பவர். இதை எழுதுவது பின்னவர். ஞாயிற்றுக்கிழமைகளில் பலகையும் தாளும் வண்ணப்பெட்டியும் எடுத்துக்கொண்டு சுரண்டையைச் சுற்றி அலைவது சில ஆண்டுகளாக எங்கள் வழக்கம். நண்பர் வரைவார். தமிழ் படித்தவர் நீர்வண்ணத்துக்கு நீர் மாற்றிக் கொடுப்பார், தம் பங்குக்குச் சிறு தாளில் கிறுக்குவார், மீதி நேரம் பேசுவார். விதி ஒன்றே: கடந்த நாற்பது ஆண்டுகளுக்குள் கட்டப்பட்டதை மட்டுமே வரைவது. கோயில் கூடாது, அருவி கூடாது, பாழ்மண்டபம் கூடாது.

சாலையோரம் இருவர் பலகையோடு நின்றால் சுரண்டையில் அதற்கு ஒரே பொருள்தான். "என்ன சார், சர்வே எடுக்கியளா? இந்தப் பக்கமும் ரோடு வருதா?" என்று கேளாதவர் குறைவு. திருநெல்வேலி – தென்காசி சாலை நான்குவழியானபோது வழிநெடுக நின்ற மரங்கள் வெட்டப்பட்டதை எல்லோரும் பார்த்திருக்கிறார்கள். அளப்பதற்கு வருபவனைத் தவிர வேறெவனும் ஒரு சிமெண்டுக் கட்டடத்தை இவ்வளவு நேரம் உற்றுப் பார்க்கமாட்டான் என்பது அவர்கள் அனுபவம். படம் வரைகிறோம் என்றால் அடுத்த கேள்வி: "இங்க என்ன இருக்கு வரையதுக்கு? குத்தாலத்துக்குப் போவலாம்லா?"

குற்றாலத்துக்குப் போகலாம்தான். இருபத்தைந்து கிலோமீட்டர்கூட இராது. இருநூறு ஆண்டுகளுக்கும் மேலாக எல்லோரும் அங்கேதான் போயிருக்கிறார்கள். 1792இல் தென்னகப் பயணம் வந்த ஆங்கில ஓவியர்களான தாமஸ் டேனியலும் அவர் தமையன் மகன் வில்லியம் டேனியலும் பாபநாசம் அருவியையும் குற்றால அருவியையும் வரைந்தார்கள். அவை பின்னர் 'ஓரியண்டல் சீனரி' என்னும் பெருந்தொகுப்பில் அச்சேறின. அவர்களுக்கு முன்பே திரிகூடராசப்பக் கவிராயர் தம் குறவஞ்சியால் அம்மலையைத் தமிழர் நெஞ்சில் நிலைநிறுத்திவிட்டார். அதன்பின் நாட்காட்டிகள், திரைப்படங்கள், விடுதிச் சுவர்கள். எங்கள் வட்டாரத்துக்குப் படம் என்றால் அருவி என்றாகிவிட்டது. அருவிக்கு நாங்கள் பகைவர் அல்லர். சாரல் காலத்தில் நாங்களும் போய் நிற்கிறோம். ஆனால் ஒரு வட்டாரம் முழுவதும் தன் முகத்தை ஒரே ஓரிடத்தில் மட்டும் பார்த்துக்கொண்டிருப்பது நல்லதன்று. அருவியில் குளித்துவிட்டு மக்கள் திரும்பிப் போவது சுரண்டை போன்ற ஊர்களுக்குத்தானே.

*

தமிழ் மரபு கட்டப்பட்டதை ஒதுக்கிய மரபா என்று கேட்டால், இல்லை என்றே சொல்ல வேண்டும். நெடுநல்வாடை அரண்மனையைக் காட்டும்போது முடிந்த மாளிகையை மட்டும் காட்டுவதில்லை. நண்பகலில் கோல்களை நட்டு, நிழலைக் கொண்டு திசை குறித்து, நூல் பிடித்து மனை வகுத்த கட்டுமான முறையிலிருந்தே தொடங்குகிறது. மதுரைக்காஞ்சியில் பகல் கடைத்தெருவும் இரவுக் கடைத்தெருவும் தனித்தனியே விரிகின்றன. பட்டினப்பாலை காட்டும் துறைமுகத்தில் சுங்க முத்திரையிட்ட மூட்டைகள் மலைபோல் குவிந்து கிடக்கின்றன. இவையெல்லாம் அன்றைய புதுக்கட்டுமானங்கள். அவற்றைப் பாடிய புலவர்களுக்குப் பண்டகசாலை கவிதைக்கு ஆகாத பொருளாகத் தோன்றவில்லை.

அகப்பொருள் இலக்கணமும் இதற்கு இடம் தருகிறது. நாற்கவிராச நம்பியின் அகப்பொருள் விளக்கம் கருப்பொருளைப் பதினான்காக வகுக்கிறது. பூவும் மரமும் புள்ளும் விலங்கும் அதில் உண்டு. ஊரும் நீரும் தொழிலும் உண்டு. நிலத்தின் அடையாளத்தில் மனிதன் கட்டியதும் செய்ததும் சரிபாதியாக இடம்பெறுகின்றன. பிற்காலத்தில் நாம் 'இயற்கை வருணனை' என்ற தலைப்பில் பாடம் நடத்தத் தொடங்கியபோது பூவையும் புள்ளையும் வைத்துக்கொண்டு ஊரையும் தொழிலையும் வெளியே விட்டுவிட்டோம். மாணவர்களிடம் சுரண்டைக்குக் கருப்பொருள் எழுதி வாருங்கள் என்று ஒருமுறை சொன்னபோது வந்த பட்டியல் சிறப்பாக இருந்தது. உணா: சின்ன வெங்காயமும் பரோட்டாவும். புள்: மயில். தொழில்: பீடி சுற்றுதல், காய்கறிக் கமிஷன், கேரளத்துக்கு லோடு அடித்தல். மரம் என்ற இடத்தில் ஒரு மாணவி 'காற்றாடி' என்று எழுதியிருந்தார். நகைச்சுவைக்காக எழுதவில்லை. எங்கள் ஊரில் தலை நிமிர்ந்து பார்க்கும்படி நிற்பது அதுதான், அதன் நிழலில்தான் ஆடு மேய்ப்பவர் உட்காருகிறார் என்று விளக்கம் தந்தார். முழு மதிப்பெண் கொடுக்கப்பட்டது.

ஓவியத்துக்கும் இவ்வட்டாரம் புதியதன்று. சேந்தமரத்தை அடுத்த திருமலாபுரத்தில் பாண்டியர் காலக் குடைவரையின் விதானத்தில் வண்ணங்களின் எச்சம் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஐந்து சபைகளில் குற்றாலத்துக்கு வாய்த்தது சித்திர சபை. அங்கே கூத்தபிரான் சுவரில் ஓவியமாக ஆடுகிறார். கடவுளையே வண்ணத்தில் வைத்து வணங்கிய நிலம் இது.

பழமை என்று நாம் கருதுவதும் எத்தனை பழமை? தென்காசி காசி விசுவநாதர் கோயிலைப் பதினைந்தாம் நூற்றாண்டில் பராக்கிரம பாண்டியன் எழுப்பினான். அதன் இராச கோபுரம் சிதைந்து, பிளந்து, நெடுங்காலம் மொட்டையாக நின்றது. இன்று பேருந்திலிருந்தே கைகூப்ப வைக்கும் ஒன்பது நிலைக் கோபுரம் 1990இல் குடமுழுக்குக் கண்டது. எங்கள் பள்ளிப் பருவத்தில் சாரம் கட்டி எழுந்த கட்டடம் அது. எங்களைவிட வயதில் இளையது. ஆயினும் அதை எவரும் நவீனக் கட்டடம் என்று சொல்வதில்லை. பழைய கட்டடத்தைக் கட்டியவன், பின்னாளில் இதைப் பழுதுபார்த்துக் காப்போரின் அடி பணிகிறேன் என்று கல்லில் வெட்டி வைத்தான். கட்டடம் முடிந்த பொருள் அன்று, ஒவ்வொரு தலைமுறையும் திரும்பத் திரும்பச் செய்யும் வேலை என்று அறிந்தவனின் பணிவு அது.

*

இனி வரைதல்.

சிமெண்டு சாம்பல் நிறம் என்பது பார்க்காமல் சொல்வது. கறுப்பையும் வெள்ளையையும் கலந்து தீட்டினால் தாளில் செத்த சுவர்தான் வரும். நண்பர் கறுப்பைத் தொடுவதே இல்லை. அல்ட்ராமரைன் நீலத்தையும் பர்ன்ட் சியன்னா என்னும் சுட்ட செம்மண் நிறத்தையும் கலந்தால் ஒரு சாம்பல் பிறக்கிறது. நீலம் சற்று மிஞ்சினால் காலை நேரத்துச் சுவர், செம்மண் மிஞ்சினால் மாலை நேரத்துச் சுவர். நீர்த்தேக்கத் தொட்டியின் வயிற்றில் கசிவு இறங்கிய இடத்தில் பாசி பச்சையாகவும், காய்ந்த பாசி கறுப்பாகவும், உள்ளிருக்கும் கம்பியின் துரு காவியாகவும் இறங்குகின்றன. ஒரு தொட்டியின் உடம்பில் இருபது ஆண்டு மழையின் வரலாறு முழுவதும் வரி வரியாக எழுதப்பட்டிருக்கிறது. படித்தால் படிக்கலாம்.

காற்றாடி அதைவிடக் கடினம். அது வெள்ளை நிறம். நீர்வண்ணத்தில் வெள்ளையைத் தீட்ட முடியாது, விட்டுவைக்கத்தான் முடியும். சுற்றியுள்ள வானத்தைத் தீட்டி, காற்றாடி நிற்கும் இடத்தைத் தாளின் வெறுமையாகவே விட வேண்டும். நண்பகல் வெயிலில் வானம் அதைவிட வெளுத்திருக்கும். அப்போது காற்றாடி கருத்துத் தெரியும். ஆனி, ஆடியில் மேற்கே மலைமேல் கருமேகம் கவிந்து, கிழக்கே வெயில் அடிக்கும் பொழுது ஒன்று உண்டு. மலையில் மழை, எங்கள் பக்கம் காற்று மட்டும். அப்போது காற்றாடிகள் மேகத்தின்மீது சுண்ணாம்புக் கோடுகள்போல் ஒளிரும். நாற்பது ஐம்பது ஒருசேரச் சுழலும். ஆனால் எந்த இரண்டும் ஒரே கணத்தில் ஒரே நிலையில் இரா. அந்தப் பொழுது கால்மணி நேரங்கூட நீடிப்பதில்லை. அதற்காகப் பலமுறை காத்துக் கிடந்திருக்கிறோம்; அடிக்கிற காற்றில் தாள் பறந்ததுதான் பெரும்பாலும் மிச்சம்.

இந்தக் காற்றே அவை இங்கு வந்ததற்குக் காரணம். தென்மேற்குப் பருவக்காற்று மலைத்தொடரின் இடைவெளிகளில் நெருக்கப்பட்டு விரைந்து நுழைகிறது. ஆரல்வாய்மொழி, செங்கோட்டை, பாலக்காடு என மூன்று கணவாய்களின் வாயிலிலும் காற்றாடிக் காடுகள் எழுந்தது அதனால்தான். தமிழகத்தில் 1986இல் தூத்துக்குடிக்கு அருகே முள்ளக்காட்டில் சிறிய அளவில் தொடங்கிய முயற்சி இன்று பத்தாயிரம் மெகாவாட்டைத் தாண்டிவிட்டது. தென்காசிக் கோபுர வாசலில் நம் ஆடையைப் பிடித்து இழுக்கும் காற்றுக்கும் சுரண்டைக் காட்டில் மின்சாரம் ஆகும் காற்றுக்கும் வேறுபாடில்லை. பக்தர்கள் முன்னதை அதிசயம் என்கிறார்கள். பின்னதையும் அப்படிச் சொல்லத் தடையில்லை.

*

உலகில் இது புதிய முயற்சி அன்று. 1844இல் டர்னர் மழைக்குள் பாய்ந்து வரும் ரயிலைத் தீட்டினார். 1877இல் மோனே பாரிஸின் சான் லசார் ரயில் நிலையத்தின் கண்ணாடிக் கூரையையும் புகையையும் மீண்டும் மீண்டும் தீட்டினார். நம் நாட்டில் நடந்ததுதான் எங்களுக்கு இன்னும் நெருக்கமானது. பூபேன் கக்கர் பரோடாவில் ஒரு தொழிற்சாலையில் கணக்கு எழுதிக்கொண்டே ஓவியரானவர். 1972இல் அவர் வரைந்த 'ஜனதா வாட்ச் ரிப்பேரிங்', 'டீலக்ஸ் டெய்லர்ஸ்' போன்ற படங்களில் சிறுநகரத்துக் கடைகள் தம் பெயர்ப்பலகையோடும் பளிச்சென்ற வண்ணத்தோடும் சித்திரச் சட்டத்துக்குள் ஏறின. தானேயில் கதிரியக்க மருத்துவராகப் பணிபுரிந்த சுதீர் பட்வர்தன் பம்பாயின் புறநகர்களை, ரயில் பாலங்களை, ஆலைகள் இருந்த இடத்தில் எழும் அடுக்ககங்களை வரைந்தார். 2001இல் அவர் தீட்டிய 'லோயர் பரேல்' ஓவியத்தில் ஒரு நகரம் தன் தோலை உரித்துக்கொண்டிருப்பதைப் பார்க்கலாம். இங்கிலாந்தில் எல்.எஸ். லவ்ரி வாடகை வசூலிக்கும் வேலையில் 1952 வரை இருந்தவர். மான்செஸ்டர், சால்ஃபோர்டு ஆலைத் தெருக்களை அவர் ஐந்தே வண்ணங்களில் தீட்டினார்: கறுப்பு, சிவப்பு, நீலம், மஞ்சள் காவி, வெள்ளை.

மூவரும் வேறு வேலை பார்த்தவர்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். கணக்கர், மருத்துவர், வாடகை வசூலிப்பவர். அழகைத் தேடி அவர்கள் அத்தெருக்களுக்குப் போகவில்லை, பிழைப்புக்காக நடந்தார்கள். நாள்தோறும் நடந்தவர்களுக்குத்தான் அது தெரிந்தது. டேனியல்கள் பார்த்தது பயணியின் குற்றாலம். சுரண்டையைப் பார்க்கப் பயணி வரமாட்டார். உள்ளூரில் பேருந்து ஏறி இறங்குபவர்தான் அதைப் பார்த்தாக வேண்டும்.

இன்னொரு வேறுபாடும் உண்டு. அமெரிக்கரான சார்லஸ் ஷீலர் 1927இல் ஃபோர்டு நிறுவனத்தின் ரிவர் ரூஜ் தொழிற்சாலையைப் புகைப்படம் எடுக்கச் சென்றார். அதன் தொடர்ச்சியாக 1930இல் அவர் தீட்டிய ஓவியத்துக்கு 'அமெரிக்க நிலக்காட்சி' என்று பெயர். அப்பழுக்கற்ற ஓவியம். உயர்ந்த புகைபோக்கி, அசையாத நீர், கூர்மையான கோடுகள். ஆயிரக்கணக்கானோர் வேலை செய்த அவ்விடத்தில், தண்டவாளத்தருகே மிகச் சிறிய ஒரே ஒரு மனித உருவம். லவ்ரியின் ஆலைத் தெருவிலோ குச்சிபோன்ற மனிதர்கள் நிறைந்து வழிகிறார்கள். கட்டப்பட்ட நிலத்தை வரைபவர் எவரும் இவ்விரண்டுக்கும் நடுவில் எங்கோ நின்றாக வேண்டியிருக்கிறது. ஆளை அகற்றினால் வடிவம் தெளிகிறது. ஆளைச் சேர்த்தால் கணக்குக் கேட்கிறது. எங்கள் கேள்வியின் முள் இங்கேதான் இருக்கிறது.

*

நண்பரின் குடும்பத்துக்குச் சுரண்டைக்குக் கிழக்கே ஒன்றரை ஏக்கர் இருந்தது. செவல் மண், ஒரு கிணறு, சின்ன வெங்காயமும் மிளகாயும் விளைந்த நிலம். தொண்ணூறுகளின் பிற்பகுதியில், காற்றாடிக்கு இடம் தேடித் தரகர்கள் அலைந்த காலத்தில், அவருடைய தந்தையார் அதை விற்றார். யாரும் மிரட்டவில்லை. அன்றைய நிலையில் கேட்ட விலை நல்ல விலையாகத்தான் தோன்றியது. சில ஆண்டுகளில் பக்கத்து நிலம் என்ன விலைக்குப் போனது என்று தெரிந்தபின்தான் அப்படித் தோன்றாமல் போயிற்று. அப்பணத்தில் பாதி அவர் தங்கையின் திருமணத்துக்குச் சென்றது. மீதியில் அவர் கும்பகோணம் அரசு கவின்கலைக் கல்லூரியில் படித்தார். அதாவது, அவர் கையில் இருக்கும் தூரிகை அந்தக் காற்றாடி வாங்கிக் கொடுத்தது.

பாரந்தூக்கி வருவதற்குப் பாதை போட்டபோது கிணறு மூடப்பட்டது. தந்தையார் அதன்பின் அந்தப் பக்கம் போகவில்லை; சில ஆண்டுகளில் காலமானார்.

நண்பர் அந்தக் காற்றாடியை வரையாமல் வெகுகாலம் ஒதுக்கியே வைத்திருந்தார். தொட்டி, கோபுரம், மார்க்கெட்டின் தகரக் கொட்டகை, ரோஸ் வண்ணமும் கிளிப்பச்சையும் பூசிய மாடிவீடுகள் என்று சுற்றி எல்லாம் வரைந்து தீர்ந்தபின், ஓர் ஆடி ஞாயிற்றில் அங்கே போனோம். நாங்கள் காத்துக் கிடந்த அந்தக் கால்மணிப் பொழுது அன்று எந்தத் தடையுமின்றி வாய்த்தது. அவர் வரைந்தவற்றுள் அதுவே சிறந்தது என்று இன்றும் கருதுகிறோம். கருநீல மேகம், அதன்முன் வெற்றுத் தாளாக நிமிர்ந்த கோபுரம், விசையில் பாதி கரைந்த இறகுகள், கீழே செம்மண் பாதை, காற்றில் ஒரே பக்கமாகச் சாய்ந்த புல்.

வீட்டில் அவர் தாயாரிடம் காட்டினார். எழுபதைக் கடந்தவர்; கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்தார்.

"நம்ம காடுல்லா?" என்றார்.

"ஆமாம்மா."

"எய்யா, எல்லாத்தையும் வரஞ்சிருக்க. கெணறு எங்க?"

"கெணத்ததான் மூடிட்டாவளே அம்மா."

"மூடிட்டா? தண்ணி எங்கய்யா போவும்?"

அவர் கோபமாகவோ வருத்தமாகவோ கேட்கவில்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ள விரும்பியவர்போலத்தான் கேட்டார். படத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் பீடித்தட்டை மடியில் எடுத்து வைத்துக்கொண்டார்.

பரிபாடலில் திருப்பரங்குன்றத்துக் கோயில் ஓவியங்களைக் காண வந்த மக்கள், இது யார், இது என்ன என்று ஒருவரையொருவர் கேட்டும் சொல்லியும் நிற்கிறார்கள். காமன் இவன், இரதி இவள், கல்லானவள் அகலிகை என்று விளக்கம் நடக்கிறது. வகுப்பில் அப்பாடலை எத்தனையோ முறை நடத்தியிருந்தும், ஓவியத்துக்கு முன்னால் கேட்கப்படும் கேள்வியும் ஓவியத்தின் பகுதியே என்பது அன்றைக்குத்தான் முழுதாக விளங்கியது. தாயார் கேட்டது படத்தில் இல்லாத ஒன்றைப் பற்றி.

மறுவாரம் நண்பர் தனியாகவே அங்கு போய்வந்தார். மூடிய கிணற்றின் மண் அமுங்கி, ஒரு பெரிய தட்டு அளவுக்குத் தாழ்ந்து கிடப்பதாகவும், அங்கே மட்டும் புல் சற்றுக் கரும்பச்சையாக இருப்பதாகவும் சொன்னார். இரண்டாவது படத்தில் அது இருக்கிறது. பாதையின் இடப்புறம், விரல் நுனி அளவுக்கு, ஒரு வட்டம். சொல்லாமல் யாருக்கும் தெரியாது. தாயார் கண்டுபிடித்துவிட்டார், ஒன்றும் சொல்லவில்லை. அந்தப் படம் இப்போது அவர் வீட்டில் சாமிப்படங்களுக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறது.

*

இதிலிருந்து எங்களுக்குக் கிடைத்தது ஒரு சிறு தெளிவு. ஒன்றை அழகு என்பதும் அது நியாயம் என்பதும் வேறு வேறு. இரண்டையும் குழப்பிக்கொள்பவர்கள் இரு பக்கமும் இருக்கிறார்கள். காற்றாடி அழகாக இருக்கிறது என்றால் நிலம் போனதைப் பற்றிப் பேசக்கூடாது என்பர் சிலர். நிலம் போயிற்று, ஆகவே அதை அழகு என்பது துரோகம் என்பர் வேறு சிலர். நண்பரின் இரண்டாவது படம் இருவருக்கும் உடன்படாது. மேகத்தின்முன் வெண்மை ஒளிர்வது உண்மை. கீழே வட்டமாகப் புல் கறுத்திருப்பதும் உண்மை. ஒன்றைப் பார்க்கக் கற்ற கண்தான் மற்றதையும் பார்த்தது. வெறுத்து ஒதுங்கியிருந்தால் கிணறு கிடந்த இடமும் கண்ணில் பட்டிருக்காது.

எல்லாவற்றிலும் இது கைகூடும் என்றும் சொல்லமாட்டோம். மலையடிவாரத்தில் கல்குவாரி ஒன்றின் விளிம்பில் ஒருநாள் நின்றோம். வெட்டிய பாறையின் படிநிலைகள், அடியில் தேங்கிய பச்சை நீர், பெயர்த்தெடுத்த கல்லின் இளஞ்சிவப்பு. ஓவியருக்கு வேண்டிய அனைத்தும் அங்கு இருந்தன. மேலே கேரளத்துக்குக் கல் ஏற்றிச் செல்லும் லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கிளம்பிக்கொண்டிருந்தன. நண்பர் பலகையைத் திறந்து, சற்று நேரம் பார்த்துவிட்டு, மூடிவிட்டார். காரணம் கேட்டபோது, "காத்தாடி நிக்கிது, இது போய்க்கிட்டே இருக்குது" என்றார். நிலத்தின்மேல் எழுந்து நிற்பதையும் நிலத்தையே கொண்டுபோவதையும் ஒரே தூரிகையால் தீட்ட இயலவில்லை அவருக்கு. வேறொருவரால் இயலலாம். சாட்சியாக வரையவும் ஒருவர் வேண்டும்தான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். சுரண்டையின் புதிய தோற்றத்தை முதலில் வண்ணம் கொண்டு எழுதியவர்கள் நாங்கள் அல்லர். கடைப் பலகை எழுதியவர்கள், சுவர் விளம்பரம் எழுதியவர்கள், லாரியின் நெற்றியிலும் முதுகிலும் மலையும் மயிலும் தீட்டியவர்கள் எங்களுக்கு முன்னோர். இரண்டாயிரத்துக்குப்பின் ஃபிளெக்ஸ் அச்சு வந்து அவர்களில் பெரும்பாலோரின் கையிலிருந்து தூரிகையைப் பறித்துவிட்டது. நண்பரின் முதல் ஆசான் அத்தகைய ஒருவர்தான். எழுத்துக்கு நிழல் போடுவது எப்படி என்று அவர் கற்றுக்கொடுத்ததைக் கல்லூரி கற்றுக்கொடுத்ததற்கு மேலாகவே நண்பர் மதிக்கிறார். அவ்வாசான் இப்போது ஒரு கடையில் இரவுக் காவலர். பழைய சுவர்களில் வெயிலில் மங்கிய அவர் எழுத்துகளை எங்கே கண்டாலும் நண்பர் வரைந்து வைத்துக்கொள்கிறார். எழுத்துப்பிழை இருந்தால் அதையும் சேர்த்தே.

எங்கள் ஆண்டுகளின் உழைப்பு இதுவரை ஒரு படத்தையும் விற்றுத் தரவில்லை. நாட்காட்டிக்குப் படம் கேட்டு வந்த உள்ளூர் வணிகர் ஒருவர் எல்லாவற்றையும் பொறுமையாகப் புரட்டிவிட்டு, "சார்வாள், நல்லாத்தான் இருக்கு. ஒரு அருவி வரஞ்சி குடுங்களேன்" என்றார். வரைந்து கொடுத்தார் நண்பர். சம்பளம் அல்லாத வருமானம் அதுவொன்றே.

இப்போது எங்களை விரட்டுவது வேறு ஒன்று. தமிழக அரசு 2024இல் பழைய காற்றாலைகளைப் புதுப்பித்தல், மாற்றியமைத்தல், ஆயுள் நீட்டித்தல் ஆகியவற்றுக்கான கொள்கையை வெளியிட்டது. தொண்ணூறுகளில் நிறுவப்பட்ட சிறு காற்றாடிகளின் காலம் முடிந்துகொண்டிருக்கிறது. 250 கிலோவாட் இடத்தில் 2000 கிலோவாட்டுக்கும் மேற்பட்டவை வரும். முப்பது, ஐம்பது மீட்டர் உயரத்தவை போய் நூறு மீட்டருக்கு மேற்பட்டவை நிற்கும். பெரியவை மெதுவாகச் சுழல்பவை. எண்ணிக்கையிலும் குறைவாகவே இருக்கும். கம்பிச் சட்டகக் கால்களோடு படபடவென்று சுழன்றுகொண்டிருந்த பழையவற்றை எங்கள் மாணவர்களின் பிள்ளைகள் பார்க்கமாட்டார்கள். நேற்று அன்னியமாக வந்து நின்றது இன்று பழைய காலத்துப் பொருளாகிவிட்டது. கோபுரத்துக்கு நானூறு ஆண்டுகளுக்கு மேல் பிடித்தது, காற்றாடிக்கு முப்பதே ஆண்டுகளில் நிகழ்ந்துவிட்டது.

நண்பரின் நிலத்தில் நிற்பதும் சிறியதுதான். என்றைக்குக் கழற்றுவார்கள் என்பது காவலாளிக்கும் தெரியவில்லை. புதியதற்கு அடித்தளம் இன்னும் அகலமாகத் தோண்டுவார்களாம். செய்தியைக் கேட்ட தாயார், தோண்டும்போது தமக்குச் சொல்லி அனுப்பும்படி அக்காவலாளியிடம் தகவல் சொல்லி வைத்திருக்கிறார். தண்ணீர் இருக்கிறதா என்று பார்க்க வேண்டுமாம்.